காற்றுக்கு ஒரு திரை

(இளம் அறிவியல், இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தாருங்கள் என்று கேட்டார்கள். நிலவு, நட்பு, தாய்மை ஆகியவற்றை நண்பர்கள் ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது ஒரு கண்ணாடித் துண்டு. அதைக் கண்ணாடி என்பதும் தவறு; பிளாஸ்டிக் தகடு. மோட்டார் சைக்கிளின் முன்னால் மாட்டுகிறார்களே, விண்ட்ஷீல்டு, அதுதான்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பழைய புல்லட் நிற்கிறது. திருவொற்றியூரில் செய்த வண்டி. 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய தொழில் அது என்று அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். அரசுப் பணியில் இருந்தவரை அந்த வண்டியில்தான் விழுப்புரம் போய் வந்தார். ஓய்வு பெற்றதும் அதிலேயே கன்னியாகுமரி வரை போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஓய்வு வந்தது, கூடவே கண்ணில் புரையும் வந்தது. அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் அதன்பின் காற்றுப் பட்டாலே கண்ணில் நீர் கொட்டும். "தூசியும் காற்றும் கொஞ்ச நாளைக்கு ஆகாது" என்றார் மருத்துவர். அந்தக் கொஞ்ச நாள் ஓராண்டைத் தாண்டியது. ஞாயிறுதோறும் வண்டியின்மேல் கிடக்கும் பழைய போர்வையை விலக்கி, உதைத்துக் கிளப்பி, ஐந்து நிமிடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மறுபடியும் போர்த்திவிடுவார். முகத்தை மூடும் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்தார். மூச்சு முட்டுகிறது, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது என்று கழற்றிவிட்டார். முகம் திறந்த ஹெல்மெட்தான் அவருக்கு ஒத்துவந்தது.

அப்போதுதான் விண்ட்ஷீல்டு வாங்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. உதவித்தொகைப் பணம் கையில் இருந்தது. சென்னையில் ஒரு கடைக்குப் போனேன். "உயரமா வாங்குங்க தம்பி, காத்தே தெரியாது" என்றார் கடைக்காரர். கறுப்புச் சாயம் ஏற்றிய நெடிய தகடு ஒன்றைக் காட்டினார். பார்க்கவும் கம்பீரமாக இருந்தது. இயற்பியல் படிக்கிறவன் ஒரு கேள்வியும் கேட்காமல் அதை வாங்கி வந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு மாலை விழுப்புரம் புறப்பட்டேன். ஏறத்தாழ நாற்பது கிலோ மீட்டர். கூட்டேரிப்பட்டு வருவதற்குள்ளேயே தலை ஆடத் தொடங்கியது. மார்பில் காற்றே இல்லை. ஆனால் ஹெல்மெட்டை யாரோ இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவதுபோல் இருந்தது. அப்பாவின் நிலை இன்னும் மோசம். லாரி கடக்கும்போதெல்லாம் ஹேண்டில்பார் கையை இழுத்தது. திரும்பும்போது இருட்டிவிட்டது. எதிர்விளக்குகளின் ஒளி கறுப்புத் தகட்டில் பரவ, விக்கிரவாண்டிக்கு இப்பால் சாலையே எனக்குத் தெரியவில்லை. நிறுத்திவிட்டு இறங்கினேன். அப்பாவின் இரு கண்களும் சிவந்து நீர் வழிந்தது. அவர் கோபிக்கவில்லை. "விடுடா, பஸ்ஸுலயே போய்க்கலாம்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "காற்று எங்கே போகும் என்று நினைத்தாய்?" என்று கேட்டார். பிறகு கணக்குப் போடச் சொன்னார். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் அரைச் சதுர மீட்டர் பரப்பை எதிர்க்கும் காற்று ஏறக்குறைய நான்கு கிலோ எடையளவு தள்ளுகிறது. வேகத்தை 80 ஆக்கினால் தள்ளுவது எட்டு கிலோ அன்று, பதினைந்து. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. இத்தனையையும் தகடு தாங்கிக்கொள்கிறது. ஆனால் காற்று மறைந்துவிடுவதில்லை. விளிம்பைத் தாண்டியதும் சுழல்கிறது. தகட்டின் பின்னால் அழுத்தம் குறைந்துவிடுவதால், அந்த இடத்தை நிரப்பப் பின்பக்கத்துக் காற்றும் புழுதியும் முன்னோக்கி வருகின்றன. என் நெடிய தகடு அந்தச் சுழலை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவின் முகத்தில் சேர்த்திருக்கிறது!

அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்புக் கம்பளி நூலை எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கி, தகட்டிலும் ஹெல்மெட்டிலும் ஒட்டினேன். அதிகாலையில் மயிலம் போகும் சாலையில் வண்டியை ஓட்டினேன். நண்பன் பின்னால் அமர்ந்து பார்த்துச் சொன்னான். நடுவில் நூல்கள் நேராகப் படிந்து கிடந்தன. மேல் விளிம்பில் மட்டும் பேய் பிடித்தவைபோல் ஆடின. பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "வேண்டுதலா தம்பி?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது தகட்டை வாங்குவதற்குள் நான் ஓரளவு தேறியிருந்தேன். சாயம் இல்லாதது. அதன் வழியே பார்க்கக்கூடாது, மேலாகப் பார்க்க வேண்டும். எனவே மேல் விளிம்பு என் மூக்கு மட்டத்துக்குக் கீழே. அக்ரிலிக்கில் எளிதில் கீறல் விழாது, ஆனால் கல் பட்டால் உடையும். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் காய்ந்த துணியால் துடைத்தாலே கீறும். நம் சாலையில், முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களின் பின்னால் போகிறவன் உடையாததைத்தான் வாங்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொள்ளலாம். கொஞ்சம் பின்சாய்வாகப் பொருத்தி, ரப்பர் வளையங்கள் போட்டு, அடியில் விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விட்டேன். அந்த இடைவெளி வழியாக நுழையும் காற்று பின்னால் உள்ள வெற்றிடத்தை நிரப்பிவிடுகிறது. நூல்கள் அடங்கின.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் இது வேண்டாத சாமான். காற்றை மறித்துவிட்டு எஞ்சின் சூட்டை நம்மிடமே விட்டுவைக்கிறது. நம் ஊரில் இது பரவாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நான்கு திருகு கழற்றினால் வந்துவிடும். பங்குனியில் கழற்றி ஆனியில் மாட்டுகிறேன். அப்பாவின் கண்ணுக்கும் தகடு மட்டும் போதவில்லை. கண்ணைச் சுற்றிப் படியும் மூடுகண்ணாடி ஒன்றும் வாங்கினோம். மருத்துவரிடம் இரண்டையும் சொன்னோம். சோதித்துப் பார்த்துவிட்டு, "மெதுவாகப் போங்கள்" என்றார்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, மீண்டும் விழுப்புரம் புறப்பட்டோம். ஐம்பதுக்கு மேல் முடுக்கவில்லை. விக்கிரவாண்டியில் தேநீர் குடிக்க நிறுத்தினேன். அப்பா மூடுகண்ணாடியைக் கழற்றினார். கண் வறண்டு இருந்தது. கைக்குட்டையால் ஒருமுறை ஒற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு தகட்டைத் தட்டிப் பார்த்தார். கீழே விட்டிருந்த இடைவெளியில் விரலை நுழைத்து, இது எதற்கு என்றார். சொன்னேன். முழுவதும் கேட்டார்.

குவளையைக் கடைப்பலகையில் வைத்துவிட்டு வண்டியிடம் போனார். நான் ஏறப்போனேன்.

"நீ பின்னால உக்காரு" என்றார்.