இருட்டுக்குப் பழகிய கண்

அமாவாசையை ஒட்டிய நாட்களில் மஃரிபுக்குப் பிறகு நான் ஒரு சின்ன நித்திரை கொள்ளப் போனால் வீட்டில் எல்லோருக்கும் விளங்கிவிடும். "இண்டைக்கும் பேயோட போற நாளா?" என்று மனைவி கேட்பாள். இரவு பதினொரு மணிக்குக் கமராவையும் முக்காலியையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வயல் பாதையில் போகிற வாத்தியாரைப் பற்றி ஊரில் பல கதைகள் உலாவுகின்றன. புதையல் தோண்டப் போகிறேன் என்பது அவற்றில் கொஞ்சம் மரியாதையான கதை.

நான் வானத்தைப் படம் எடுக்கப் போகிறேன். சில இரவுகளில் வயலுக்கு வருகிற மிருகங்களையும். இதற்கு எவரும் காசு தருவதில்லை. இரண்டு சிறுகதைகளும் கொஞ்சம் கவிதையும் எழுதி நிறுத்திக்கொண்ட எனக்கு, சொல் வராத இடத்தில் இது வாய்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் 1980 இல் பிறந்தவன். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போதுதான் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 1990 ஓகஸ்ட் 3. அதன் பிறகு எங்கள் ஊரில் இஷாவுக்குப் பின் வெளியில் நிற்பது என்ற பேச்சே இல்லாமல் போனது. லாம்பைத் தணித்துவிட்டு உம்மா வாயில் விரலை வைத்துக் காட்டுவா. தூரத்தில் ஒரு நாய் குரைத்தாலும் வாப்பா எழும்பி உட்கார்ந்துவிடுவார். கரண்ட் இல்லாத அந்த இரவுகளில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்திருக்கும்! ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. வாப்பா கரைவலைக்காரர்; விடிவெள்ளியைப் பார்த்து நேரம் சொல்வார் என்று பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் எனக்கு அதைக் காட்டித் தரவில்லை. முற்றத்தில் நின்று கைநீட்டிக் காட்டுகிற காலம் அல்ல அது.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை வந்தது. அடுத்த வருடம் நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இருந்தேன். விடுதி நண்பர் ஒருவரின் காக்கா ரஷ்யக் கமரா ஒன்றை விற்க நின்றார். செனித். செங்கல்போலப் பாரம், பற்றரி இல்லாமலே வேலை செய்யும். அதில் 'பி' என்று ஓர் இடம் உண்டு. அதற்குத் திருப்பிப் பொத்தானை அமர்த்தினால், விடுகிற வரைக்கும் கமராவின் கண் திறந்தே கிடக்கும். கடற்கரை மணலில் அதை நிறுத்திக் கிழக்கே திருப்பி, அரை மணித்தியாலம் பக்கத்தில் குந்தியிருந்தேன். என் வாழ்க்கையில் பயமில்லாமல் இருட்டில் இருந்த முதல் அரை மணித்தியாலம் அதுதான்.

ரோலைக் கழுவக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் நெகட்டிவை மட்டும் சுருட்டித் தந்தார். "ஒண்டும் விழல்ல சேர், வெறும் பிலிம்தான். பிரிண்டும் போடல்ல, காசும் வேணாம்" என்றார். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தெளிந்த பிலிமில் மயிர்போலக் கறுத்த கோடுகள், வரிசையாக, நிமிர்ந்து நின்றன. நான் பார்த்துப் பழகிய ஆங்கிலப் புத்தகத்தில் உதிக்கிற நட்சத்திரங்கள் சரிந்து ஏறின. என் பிலிமில் நேராக ஏறின. பிழை எங்கே என்று ஒரு கிழமை யோசித்தேன். பிழை ஒன்றுமில்லை. எங்கள் கரை பூமத்திய ரேகைக்கு ஏழரைப் பாகைதான் வடக்கே. இங்கே நட்சத்திரம் கடலைவிட்டுக் கிட்டத்தட்ட நேர் மேலே எழும்புகிறது; லண்டன்காரருக்குத்தான் சரிந்து போகிறது. அதே காரணத்தால் துருவ நட்சத்திரம் இங்கே வடக்குத் தென்னைகளுக்குள் ஒளிந்து கிடக்க, தெற்கே தென்சிலுவை முழுதாக எழும்பி நிற்கிறது. எந்தப் பாடப்புத்தகத்திலும் எங்கள் ஊரின் வானம் இருக்கவில்லை என்பது அன்று விளங்கியது.

2004 டிசம்பர் 26. மருதமுனையில் எங்கள் உம்மாவின் வீடு கடலிலிருந்து இருநூறு யார் தூரத்தில் இருந்தது. செனித்தும் நெகட்டிவ்களும் வீட்டோடு போயின. குடும்பத்தில் மூன்று பேர் போனார்கள். ஆகையால் கமராவைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. அன்றிரவு முழுநிலா. விளக்கில்லாத ஊருக்கு மேலே, ஒன்றும் நடக்காததுபோல, நல்ல வெளிச்சம். இன்றுவரை நான் முழுநிலவைப் படம் எடுப்பதில்லை. கேட்பவர்களிடம், நிலவு வெளிச்சத்தில் நட்சத்திரம் மங்கிவிடும் என்று சொல்வேன். அதுவும் உண்மைதான்.

எட்டு வருடம் கழித்து மச்சான் கட்டாரிலிருந்து வரும்போது, பாவித்த கெனன் 1100டி ஒன்றைக் கொண்டுவந்தார். கூடவே வந்த 18 - 55 மில்லிமீற்றர் லென்ஸ்தான் இன்றுவரைக்கும். தரம் எட்டுப் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்கு ஒன்றை இதிலிருந்துதான் கொடுப்பேன். பூமி மணிக்குப் பதினைந்து பாகை சுழல்கிறது. கமரா அதிக நேரம் திறந்திருந்தால் நட்சத்திரப் புள்ளி கோடாக இழுபடும். இழுபடாமல் இருக்க, ஐந்நூறை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். என் கமராவின் உணரி சிறியது என்பதால் குவியத் தூரத்தை முதலில் 1.6 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 18 ஐப் பெருக்கினால் 28.8. வகுத்தால் பதினேழு வினாடி. துளை 3.5, ஐ.எஸ்.ஓ. 3200. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் சுபஹுக்கு முன் தென்கிழக்கே கடலுக்கு மேல் பால்வீதியின் தடித்த பாகம் எழும்பும்போது இந்தப் பதினேழு வினாடி போதும். ஆனால் கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். இடையில் ஒரு தடவை கைபேசியைத் திறந்தால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. உப்புக் காற்றையும், லென்ஸுக்குள் பிடிக்கிற பூஞ்சணத்தையும் பற்றி எழுதினால் அழுகை வரும், விடுவோம்.

இன்னொன்றை மட்டும் சொல்லவேண்டும். மாரியில் மழை விட்ட ஒரு டிசம்பர் இரவு, வடக்கு வானத்தில் எடுத்த படமொன்றில் பஞ்சுப்பொட்டுப்போல ஒரு மங்கல் விழுந்திருந்தது. லென்ஸ் அழுக்கு என்று துடைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன், திரும்பவும் விழுந்தது. அது அந்திரோமேடா. பாரசீகத்து அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி 964 ஆம் ஆண்டளவில் எழுதிய நிலைநட்சத்திர நூலில் சிறு முகில் என்று குறித்துவைத்தது இதைத்தான். அவருக்குக் கண்ணாடிக் குழாய்கூடக் கிடையாது, வெறுங்கண். எங்கள் மத்ரஸாவில் அரபு எழுத்துக்கூட்டிப் படித்த ஒருவரும் அல்தபரான் ஒரு நட்சத்திரத்தின் பெயரென்று எனக்குச் சொல்லித்தரவில்லை என்ற மனத்தாங்கல் அன்று வந்தது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு இதெல்லாம் நின்றது. 21 ஆம் திகதி தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. 26 ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் கேட்ட வெடிச்சத்தம் எங்கள் வீட்டு யன்னலையும் அதிர வைத்தது. சில கிழமை கழித்து ஒரு பொழுதுபட்ட நேரம் வழியில் மறிக்கப்பட்டேன். கறுத்தப் பை, மூன்று காலுள்ள இரும்பு, தாடி. பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கமராவிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முன்னூறு படமும் நட்சத்திரம். "இதுல என்ன இருக்கு?" என்று கடைசியில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். எனக்கும் பதில் வரவில்லை. விட்டுவிட்டார்கள். ஆனாலும் பல மாதங்கள் நான் பையைத் தொடவில்லை. பிறகு கொரோனா ஊரடங்கு வந்தது.

இருட்டு திரும்பி வந்தது 2022 இல். மார்ச் 31 ஆம் திகதி நாட்டில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு என்று அறிவித்தார்கள். மறுநாள் அமாவாசை. டீசல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. வாய்கள் எல்லாம் சாபமிட்டுக்கொண்டிருந்தன. நான் மொட்டைமாடிக்கு ஏறிப்போய் அப்படியே நின்றுவிட்டேன். பதினைந்து கிலோமீற்றர் போய்த் தேடுகிற வானம் எங்கள் பள்ளிவாசல் மினாராவுக்கு மேல் வந்து நின்றது. மேற்கே ஓரியன் சாய்ந்துகொண்டிருந்தது, தெற்கே சுஹைல், அதற்குக் கிழக்கே தென்சிலுவை ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புழுக்கம் தாங்காமல் தங்கள் மாடியில் பாய் விரித்திருந்தார்கள். "சேர், இது எல்லாம் இண்டைக்குத்தான் வந்ததா?" என்று ஒருத்தி கேட்டாள். மூன்று நாளில் நோன்பு பிறந்தது. அந்த மாதக் கடைசியில், ஸஹருக்கு எழும்பியவர்கள் கிழக்கே சனி, செவ்வாய், வெள்ளி, வியாழன் நான்கையும் ஒரே வரிசையில் பார்த்தார்கள். என் நல்ல படங்களில் பாதி அந்தப் பஞ்சகாலத்தில் எடுத்தவை. அவற்றைக் காட்டும்போது எனக்கு ஒரு குற்றவுணர்ச்சி வருவதுண்டு.

இனி யானை. எங்கள் பக்க வழக்கப்படி நான் மனைவி வீட்டில்தான் இருக்கிறேன், சம்மாந்துறை. மாமா வெள்ளாமைக்காரர். அறுவடை நெருங்கினால் வயலில் வாடி கட்டி இராக்காவல் இருப்பார். 2021 சிறுபோகத்தில் ஓர் இரவு நானும் போனேன். வாடிக்கு மேலே பால்வீதி தலைக்கு நேரே கிடந்தது. கமராவைத் திறந்துவிட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போது மாமா என் தோளைப் பிடித்தார். வரம்புக்கு அப்பால் இருட்டின் ஒரு துண்டு அசைந்தது. தனியன். பதினேழு வினாடியும் அது சும்மா நிற்கவில்லை. நெற்கதிரை இழுத்து, காலில் அடித்து, தின்றது. படத்தில் நான்கு கால்களும் கல்லில் செதுக்கியதுபோல விழுந்திருந்தன. அதற்கு மேலே உடம்பு புகை. புகைக்கு ஊடாக நட்சத்திரம் தெரிந்தது. இதைப்போல ஒரு படம் எனக்கு இனிக் கிடைக்காது.

காலையில் மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இரிக்கி மருமகன். ஒங்களுக்குப் படம். எனக்கு வெள்ளாம" என்றார். கால் ஏக்கர் போயிருந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்த பதினேழு வினாடியில் அவர் யானை வெடியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகப் பொறுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது.

அட்டாளைச்சேனைக்கும் ஒலுவிலுக்கும் உள்ளே, அஷ்ரப் நகர்ப் பக்கம் பள்ளக்காடு இருக்கிறது. 2008 இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு அங்கே குப்பை மேடொன்று அமைந்தது. ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே போனது. கல்முனை, காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எல்லாம் நம் ஊர்கள்தான். சுற்றியிருந்த மின்வேலி 2014 இல் மின்னல் தாக்கிப் பழுதானது; பிறகு திருத்தப்படவில்லை. யானைகள் உள்ளே வந்தன. யாழ்ப்பாணத்துப் புகைப்படக்காரர் தர்மபாலன் திலக்சன் எடுத்த படங்கள் 2020 இல் உலகமெல்லாம் போன பிறகே, பக்கத்திலிருந்த நானும் அதைப் பார்த்தேன். எட்டு வருடத்தில் இருபது யானைகள் வரை அங்கே செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது; வயிற்றில் பொலித்தீனும் சாப்பாட்டு உறைகளும்.

அந்தச் செய்திக்கு முன்பே ஒருநாள் அசருக்குப் பிறகு நான் அங்கே போனேன். மேட்டில் மாடுகள், கொக்குகள், காகங்கள்; நடுவில் ஏழு யானைகள். தள்ளி நின்று, பகல் வெளிச்சத்தில், வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. எல்லாம் துல்லியம். புகை கிகை ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரில் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தேத்தண்ணியோடு வந்த மனைவி நின்றுவிட்டாள். குட்டியொன்றின் தும்பிக்கையில் சுற்றியிருந்த பையில் எழுத்து வாசிக்கக்கூடியதாக இருந்தது. "இது நாம பெருநாளைக்கி உடுப்பெடுத்த கடையெல்லோ" என்றாள். தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அந்தப் படத்தை நான் எவருக்கும் காட்டவில்லை, அழிக்கவும் இல்லை. பாடசாலைக் கண்காட்சிக்கு அதிபர் படம் கேட்டபோது பால்வீதிப் படத்தைக் கொடுத்தேன். எல்லோரும் மெச்சினார்கள்.

போன சிறுபோகத்தில் மாமாதான் கோல் எடுத்தார். "மருமகன், நிலவில்லாத நாள்தானே, வாடிக்கி வாங்களன். எனக்கு இப்ப ராவையில கண் பத்துதில்ல. ஒங்கட பொட்டியில பாத்தா அது எங்க நிக்கிதெண்டு தெரியுமே" என்றார். போனேன். ஐ.எஸ்.ஓ. 6400 இல் வைத்துக் காட்டோரத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தேன். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத மரக்கரையில், மூன்றாவது படத்தில் இரண்டு கறுத்த திட்டுகள் இருந்தன. நான்காவதில் கொஞ்சம் இடம் மாறியிருந்தன. திரையைக் கையால் மறைத்து அவருக்குக் காட்டினேன். வெடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பற்ற வைக்கவில்லை.

"இன்னொண்டு எடுங்க பாப்பம்" என்றார்.