வாட்ஸ்அப்பில் சுற்றும் வரிகளும் ஒரு நீர்மூழ்கிக் கேப்டனும்



மற்றவர்களைப் பிடித்துக்கொண்டு போனபோதெல்லாம் வாய் திறக்காதவன், தன் முறை வந்தபோது தனக்காகப் பேச ஆளின்றி நின்றதைச் சொல்லும் வரிகளைப் பலர் அனுப்புகிறீர்கள். பெரும்பாலும் யாரையோ குத்திக்காட்டத்தான் அவை வருகின்றன. அதைச் சொன்ன மார்ட்டின் நீமோலர் யாரைக் குத்தினார் தெரியுமா? தன்னைத்தான்.

1892இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களில் பணியாற்றி, 1918இல் யூசி-67 என்ற கப்பலின் கேப்டன் ஆனார். ஜெர்மனி தோற்றதும் நீர்மூழ்கிகளை இங்கிலாந்திடம் ஒப்படைக்கக் கொண்டுபோகச் சொன்னார்கள். மறுத்துவிட்டுக் கடற்படையை விட்டே வந்துவிட்டார். கொஞ்ச காலம் பண்ணை வேலை. பிறகு இறையியல் படித்து 1924இல் போதகர் ஆனார்.

ஹிட்லரை ஆரம்பத்தில் ஆதரித்தவர்தான். திருச்சபைக்குள் நாஜிகள் கை வைத்தபோதுதான் எதிர்த்தார். 1937 ஜூலையில் கைதானார். நீதிமன்றம் விதித்த தண்டனை முடிந்தும் விடாமல், சாக்சன்ஹௌசன் முகாமில் அடைத்தார்கள்.

1938 டிசம்பரில் நம்ம தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. சீனாவில் நடக்க வேண்டியது, அங்கே போர் மூண்டதால் இங்கே வந்தது. ஜெர்மனியிலிருந்தும் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அந்த நாட்களில் நீமோலர் முகாமில் தனிக் கொட்டடியில் இருந்தார். 1939இல் போர் வந்ததும், அங்கிருந்தபடியே மறுபடி கடற்படையில் சேர விண்ணப்பித்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. அவர் பிறவி மகான் இல்லை.

1945இல் விடுதலையானார். பின்னர் மனைவியோடு டாஹவ் முகாமுக்குப் போனார். அவரும் கடைசி ஆண்டுகளில் அடைபட்டிருந்த இடம் அது. 1933 முதல் 1945 வரை அங்கே எரிக்கப்பட்டவர்களின் கணக்கை ஒரு பலகையில் எழுதியிருந்தார்கள். 1937க்குப் பிறகு நான் சிறையில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கு முந்தைய நான்கு வருஷம் நான் வெளியில்தானே இருந்தேன், என்ன செய்தேன்? இந்தக் கேள்வியைத்தான் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கேட்ட ஜெர்மானியர் பலருக்குப் பிடிக்கவில்லை.

போர்க் கப்பல் ஓட்டியவர், பிற்காலத்தில் அணு ஆயுதத்தை எதிர்த்துப் போராடினார். 1961இல் டெல்லியில் கூடிய உலகத் திருச்சபை மன்றம் தன் தலைவர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. 1984இல், 92 வயதில் மறைந்தார்.

அந்த வரிகளில் வருவது 'நீ' இல்லை, 'நான்'. ஆகவே பிள்ளைகளே, அடுத்த தடவை அதை யாருக்காவது அனுப்புவதற்கு முன்னால், நமக்கே ஒரு தடவை வாசித்துக்கொள்வோம்.