200 ரூபாய்க்குப் பெட்ரோல்

எங்கள் காரின் டேங்கை நாங்கள் ஒருநாளும் நிரப்பியதில்லை. 2004 மாடல் மாருதி 800. ஐந்து பேர் காசு போட்டு, மூன்று கை மாறிய வண்டியாக வாங்கியது. இரண்டு முறை பதிவைப் புதுப்பித்தாயிற்று. டேங்க் 28 லிட்டர் பிடிக்கும். அதில் 5 லிட்டர் ஒருசேர இருந்த நாட்கள் குறைவு. யார் ஓட்டுகிறாரோ அவர் பங்கில் நிறுத்தி, "200க்குப் போடுங்க" என்பார். 200 ரூபாய்க்கு இன்று 2 லிட்டர்கூட வராது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் அங்கேயே படுத்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து அதுதான் முள்ளின் இடம் என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த வண்டியில்தான் மாலை வகுப்புக்கு நோட்டுப் புத்தகம் போகும். விழுப்புரம் நீதிமன்றத்துக்கு வாய்தாவுக்குப் போவோரும் அதில்தான், பிரசவ வலி வந்தவரும் அதில்தான். அது நின்றால் எங்கள் பாதி வேலை நின்றுவிடும். இருந்தும் அதைக் கவனித்தோமா என்றால் இல்லை.

ஒரு மாதமாக அது எங்களிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. மேட்டில் ஏறும்போது இழுவை இல்லாமல் திணறும். உச்சி வெயிலில் நின்றுவிடும், அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். எங்களில் ஒருவர் பிளக் என்றார். பிளக்கை மாற்றினோம். இன்னொருவர் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொன்னார். இந்த வண்டியில் கார்புரேட்டரே கிடையாது. கடைசியில் பெட்ரோலில் கலப்படம் என்று பங்க்மீது பழி போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

ஒரு ஜூன் மாத இரவில் திருக்கோவிலூரிலிருந்து திரும்பும்போது, அரகண்டநல்லூர் தாண்டி இருட்டில் வண்டி நின்றது. பின்சீட்டில் மூன்று மாணவர்கள். அவர்கள் மடியில் அசல் சான்றிதழ்கள். விடிகாலை ரயிலைப் பிடித்துச் சென்னையில் கல்லூரிச் சேர்க்கைக்கு நிற்க வேண்டியவர்கள். அந்த வழியாக வந்த பைக்குகளைக் கைகாட்டி நிறுத்தி ஒவ்வொருவராக ஏற்றிவிட்டோம். ரயிலைப் பிடித்துவிட்டார்கள். நாங்கள் வண்டியைத் தள்ளி ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டிவிட்டு, தெரிந்த மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்தோம்.

அவர் போனிலேயே கேட்டார்: "தம்பி, சாவியப் போட்டதும் பின்னால விர்ருனு ஒரு சத்தம் வரும், வருதா?"

அப்படி ஒரு சத்தம் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடுவதற்கு முன்பே, டேங்குக்குள் இருக்கும் மின்சார பம்ப் இரண்டு வினாடி ஓடி பெட்ரோலை முன்னால் தள்ளிவிட்டு நிற்கும். எங்கள் வண்டியில் சத்தமே இல்லை. அவர் முதலில் ஃபியூஸைப் பார்க்கச் சொன்னார், நன்றாக இருந்தது. பிறகு ரிலேவைக் கழற்றி மாட்டச் சொன்னார், பயனில்லை. "சரி, கீழ படுத்து டேங்குக்கு அடியில செருப்பால நாலு தட்டு தட்டுங்க, ஒருத்தர் சாவியப் போடுங்க." சிரிக்காமல் தட்டினோம். விர்ரென்றது. பம்ப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துபோனால் இப்படித் தட்டினால் கொஞ்ச நேரம் பிடிக்குமாம். "இன்னிக்கு வீடு சேரும். நாளைக்கு சத்தியம் பண்ண முடியாது."

மறுநாள் பட்டறையில் அவர் சொன்ன விஷயத்தைத்தான் முக்கியமாக எழுத நினைத்தோம். இந்தப் பம்ப் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்க வேண்டியது. மோட்டாருக்குள் புகுந்து போகும் பெட்ரோல்தான் அதைக் குளிரவைக்கிறது, அதுதான் உள்ளே வழுவழுப்பும் தருகிறது. டேங்கில் பெட்ரோல் எப்போதும் அடிமட்டத்திலேயே இருந்தால் பம்ப் சூடாகவே ஓடித் தேயும். அடியில் படிந்த துருவையும் கசடையும் சேர்த்து உறிஞ்சும், வடிகட்டி அடைக்கும், பம்ப் இன்னும் திணறும். வெயிலில் நின்று, ஆறியதும் கிளம்பியதற்குக் காரணம் அதுதான். சிறுகச் சிறுகப் போட்டு மிச்சம் பிடித்ததாக நினைத்த காசெல்லாம் பம்பில் போய்விட்டது. மொத்தமாகப் போட எங்களிடம் என்றைக்கும் இருந்ததில்லை என்பது வேறு கதை.

இதைப் படிக்கும் மாணவர்கள் எங்களிடம் கார் இல்லையே என்று தாண்டிப் போக வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 பைக்குகளில் பெரும்பாலானவற்றில் இதே போன்ற பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. 100 ரூபாய் பெட்ரோலில் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

சில கார்களில் பின்சீட்டைத் தூக்கினால் பம்புக்கு ஒரு மூடி இருக்கும். எங்கள் வண்டிக்கு டேங்கையே இறக்க வேண்டும் என்றார். அதற்கு முன் டிக்கியைக் காலி செய்தோம். அதில் இரண்டு கட்டு துண்டறிக்கைகள் இருந்தன. மலக்குழி மரணங்களைக் கண்டித்து, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை அமல்படுத்தக் கோரி அடுத்த வாரம் நடக்க இருந்த கூட்டத்துக்கானவை. எடுத்துப் பட்டறைத் திண்ணையில் வைத்தோம்.

டேங்கில் மூன்று, நான்கு லிட்டர் இருந்தது. பாரத்தோடு இறக்கக் கூடாது. முதலில் அதை வெளியே எடுக்க வேண்டும். பம்ப் வேலை செய்தால் அதை வைத்தே வெளியேற்றலாம், செத்த பம்பை வைத்து என்ன செய்வது? அண்ணன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், டியூப எடுத்துக்கிட்டு வா."

வந்த பையனை எங்களுக்குத் தெரியும். எங்கள் மாலை வகுப்பில் படித்தவன். பிளஸ் ஒன் பாதியில் நின்றவன். இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினோம், பிறகு அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் வந்தார்கள், விட்டுவிட்டோம். இப்போது 19 வயது. எங்களைப் பார்த்துச் சிரித்தான். ஒரு முனையை டேங்கில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். முதல் முறை வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. வாயிலிருந்து டியூபை இழுத்துக் கேனில் விட்டுவிட்டு, திரும்பித் துப்பினான். துப்பிவிட்டு இருமினான். கொஞ்ச நேரம் இருமிக்கொண்டே இருந்தான்.

நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான்கு பேர். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதை மறைத்து எழுதினால் இதை எழுதவே வேண்டியதில்லை.

எங்களோடு வந்த தோழர் ஒருவர் செவிலியர். அவர்தான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "வாயைக் கொப்பளி. முழுங்கினியா? மூச்சு விட கஷ்டமா இருக்கா?" பெட்ரோல் வயிற்றுக்குள் போவதைவிட ஒரு சொட்டு நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து என்று பிறகு எங்களுக்கு விளக்கினார். நுரையீரல் வெந்து வீங்கிப்போகும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, வரும் வழியில் அது மறுபடி நுரையீரலுக்குப் போகலாம். இருமலும் மூச்சிரைப்பும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, புற்றுநோய் உண்டாக்கும் பொருள். இன்றைய விதிப்படி 1 சதவீதம் வரை இருக்கலாம். அந்த 1 சதவீதம் வாரம் இரண்டு முறை யார் வாய்க்குப் போகிறது?

பையன் கையை ஆட்டினான். "பழகிடுச்சுக்கா."

அண்ணனுக்குச் சங்கடமாகிவிட்டது. "நாங்களும் இப்படித்தான் தொழில் கத்துக்கிட்டோம் தம்பி" என்றார். பொய் இல்லை. அவரும் 12 வயதில் பட்டறைக்கு வந்தவர். கெட்ட மனிதரும் இல்லை, அந்த ராத்திரி போனை எடுத்தவர் அவர்தான்.

வேலை நடந்தது. பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினார்கள். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து, அடியில் ஜாக்கி கொடுத்து டேங்கை இறக்கினார்கள். உள்ளே பார்த்தால் அடியில் டீ நிறத்தில் தண்ணீர், செங்கல் பொடி மாதிரித் துரு. காலியாகக் கிடக்கும் இடத்தில் ஈரக்காற்று நுழைந்து குளிரில் வியர்க்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு, அது தண்ணீரை இழுக்கும். அதற்கேற்ற ரப்பர் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023இல்தான். எங்கள் வண்டியின் ரப்பர் ஹோஸ்கள் விரலால் மடக்கியதும் வெடித்தன. எல்லாவற்றையும் மாற்றினோம்.

டேங்கின் மடிப்பில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. கேஸ் வெல்டிங் வைத்துவிடலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டதும் அண்ணன் கோபப்பட்டுவிட்டார். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும் என்றார். உள்ளே நிற்கும் ஆவி காற்றோடு கலந்திருக்கும், ஒரு பொறி போதும். அது காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கும் நெருப்பைத் தொடும். அன்று காலையிலிருந்து பட்டறைப் பக்கம் ஒரு பீடி பற்றவைக்க அவர் விடவில்லை. விளக்குக்குக்கூட டார்ச்தான்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. நெருப்பைப் பற்றி அவருக்கு அத்தனையும் தெரியும். ஏனென்றால் நெருப்பு பிடித்தால் பட்டறை எரியும். இருமல் பையனோடு போய்விடும். எங்கள் கணக்கும் அப்படித்தான் இருந்தது. துண்டறிக்கைக் கட்டு திண்ணையில் இருந்தது, அதை எழுதியவர்கள் நாங்கள்தான்.

பழைய டேங்க் ஒன்றைச் சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பிடித்தோம். துரு இல்லாதது கிடைக்க அரைநாள் அலைச்சல், பேரம் ஒரு மணி நேரம். பம்பில் 700 ரூபாய்க்கும் ஒன்று இருந்தது. அண்ணன் வேண்டாம் என்றார், இரட்டிப்பு விலைக்கு நல்லதை வாங்கினோம். புது வடிகட்டி, புது ஓ ரிங். பழைய ஓ ரிங்கைத் திரும்பப் போட்டால் பெட்ரோல் வாடை காருக்குள் வரும். மாட்டியதும் சாவியைத் திருப்பி எல்லோரும் காதைக் கொடுத்தோம். விர்ர். நின்றது. ஸ்டார்ட் ஆனது.

அதே வாரம் ஒரு கை பம்ப் வாங்கினோம். நடுவில் ரப்பர் குமிழ் வைத்த குழாய். குமிழை அமுக்கினால் பெட்ரோல் தானாக ஏறி வரும். விலை 200 ரூபாய்க்குள்தான். பட்டறையில் கொடுத்தோம். அண்ணன் வாங்கி ஆணியில் மாட்டினார். ஒரு மாதம் கழித்துப் போனபோது உறைகூடப் பிரிக்காமல் அதே ஆணியில் தொங்கியது. "டியூப்புன்னா சட்டுனு ஆயிடும் தம்பி" என்றார். இந்த முறை டீ குடித்துக்கொண்டு நிற்கவில்லை. உட்கார்ந்து பேசினோம், குரல் கொஞ்சம் உயர்ந்தது. "என் பட்டறைல வந்து எனக்கே பாடமா" என்றார். பையன் ஸ்பேனரைத் துடைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வேலைக்கு நாங்கள் ஆபத்து வைத்துவிட்டோமோ என்ற பயத்தோடுதான் அன்று திரும்பினோம்.

போன வாரம் ஆயில் மாற்றப் போயிருந்தோம். கை பம்பின் குமிழில் சைக்கிள் டியூப் துண்டு வைத்து ஒட்டுப் போட்டிருந்தது. அழுக்கேறிக் கறுத்துப்போயிருந்தது. யார் முதலில் உறையைப் பிரித்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. மறுபடி படிப்பது பற்றிப் பையனிடம் பேச்சை எடுத்தோம். பிடி கொடுக்கவில்லை. டிப்ளமோ சேரத் தேவையான பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

வண்டியை வெளியே எடுத்து வைப்பதற்காக ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். முள் கால் டேங்குக்குக் கொஞ்சம் கீழே நின்றது. எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடிமேல் விரலால் இரண்டு தட்டு தட்டினான்.