காலா கோடா: ஜன்னலோர மேஜையின் கவிஞர்

தென் மும்பையில் 'காலா கோடா' என்றால் எந்த டாக்ஸிக்காரரும் மறு கேள்வி கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பெயருக்குக் காரணமான கறுப்புக் குதிரை மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே இல்லாமல் இருந்தது. வேல்ஸ் இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்டு குதிரைமேல் வீற்றிருக்கும் அந்த வெண்கலச் சிலை, ஆல்பர்ட் சஸூன் நகரத்துக்குக் கொடுத்த அன்பளிப்பு. 1965-ல் அதைப் பெயர்த்து பைகுல்லாவின் ராணி பாக் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 2017-ல் புதிதாக ஒரு குதிரை வந்தது. அதன் முதுகில் யாரும் இல்லை.

சிலை போன இடத்தில் மிஞ்சியது கார்கள் நிற்கும் ஒரு முக்கோணத் திட்டு. சுற்றிலும் ஜஹாங்கீர் ஆர்ட் காலரி, டேவிட் சஸூன் நூலகம், நீல யூதக் கோயில், 2016-ல் மூடப்பட்ட ரிதம் ஹவுஸ் இசைத்தட்டுக் கடை. சுற்றுலாக் கையேடுகள் இவற்றைத்தான் சொல்கின்றன. ஆனால் அருண் கொலட்கர் பார்த்தது அந்தத் திட்டை.

கொலட்கர் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய கவிஞர். பிழைப்புக்கு விளம்பரத்துறை, அங்கே பரிசுகள் பல வாங்கிய ஓவியர். புனே மாவட்டத்தில் மஞ்சள்தூள் பறக்கும் கண்டோபா மலைக்கோயிலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய 'ஜெஜுரி' 1976-ல் வெளியாகி, மறு ஆண்டே காமன்வெல்த் கவிதைப் பரிசைப் பெற்றது. அந்தப் புகழை வைத்து ஊர் ஊராகச் சுற்றியிருக்கலாம். மனிதர் வீட்டில் டெலிபோன்கூட வைத்துக்கொள்ளவில்லை. அவரைப் பார்க்க வேண்டுமானால் வியாழக்கிழமை பிற்பகலில் திட்டுக்கு எதிரே இருந்த வேய்ஸைடு இன் உணவகத்துக்குப் போக வேண்டும். ஜன்னலோர மேஜை, நண்பர்கள், டீ, அரட்டை. வெளியே தெரு.

அந்தத் தெருவில்தான் அவருக்குக் கவிதை கிடைத்தது. 1980-களில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி எழுதிய 'காலா கோடா கவிதைகள்' விடியற்காலையில், திட்டின் நடுவே படுத்திருக்கும் ஒரு தெருநாயோடு ஆரம்பிக்கிறது. அதன் உடம்பின் திட்டுகள் பழைய பம்பாயின் ஏழு தீவுகளாகத் தெரிகின்றன. நாய்க்கு வம்சாவளியும் உண்டு. ஒரு பக்கம் வெள்ளைக்கார கவர்னர் கப்பலில் வரவழைத்த வேட்டை நாய், இன்னொரு பக்கம் தருமரோடு கடைசிவரை நடந்த நாய். கேலிதான், ஆனால் நாயைக் கேலி செய்யவில்லை.

பிறகு ஒவ்வொருவராக வருகிறார்கள். வண்டியில் ஏறிக் குப்பையை மிதித்து அமுக்கும் துப்புரவுப் பெண். ஒரு பக்க முகம் வெந்துபோன இன்னொருத்தி, நடைபாதையில் ஒரு சிறுவனைப் பிடித்துவைத்துக் குளிப்பாட்டுகிறாள். தொழுநோயாளிகளின் பாட்டுக் குழு. எலி மருந்து விற்பவரின் மதியச் சாப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாகக் காலைச் சிற்றுண்டி நேரம். பெரிய அலுமினியப் பெட்டி நிறைய இட்லி வந்து இறங்குகிறது. நடைபாதைவாசிகள் நாலாப்புறமிருந்தும் வந்து கூடுகிறார்கள். தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு அடுப்படிச் சமாச்சாரம் ஒரு மராத்திக் கவிஞரின் ஆங்கிலத்தில் இவ்வளவு மரியாதையோடு ஆவி பறப்பதைப் படிக்க வயிறு நிறைந்துவிடும். பரிதாபம் காட்டும் தொனி எங்கும் இல்லை. அங்கே அது ஒரு விருந்து.

இத்தனையும் பல காலம் வெளிவராமலே கிடந்தன. 1977-ல் மராத்தித் தொகுப்பு ஒன்று வந்ததற்குப் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் புத்தகமே இல்லை. ஒரே சமயத்தில் பல வேலைகள் மேஜையில் இருந்தன. அழுத பெண்களைப் பற்றிய 'பிஜ்கி வஹி' அவற்றில் ஒன்று. 'நனைந்த நோட்டு' என்று பொருள். எகிப்தின் ஐசிஸ், அலெக்சாண்ட்ரியாவின் ஹைபேஷியா, ரஷ்யக் கவிஞர் மண்டல்ஷ்டாமின் மனைவி நதேழ்தா எல்லோரும் அதில் இருக்கிறார்கள். இன்னொன்று 'சர்ப்ப சத்ர'. ஜனமேஜயனின் பாம்பு வேள்வியையும் காண்டவ வனம் எரிந்ததையும் நாகர்களின் பக்கம் நின்று கேள்வி கேட்கும் கதை.

புற்றுநோய் வந்த பிறகுதான் வேகம். 2003, 2004 இரண்டே ஆண்டுகளில் இரு மொழிகளிலும் ஐந்து புத்தகங்கள். நண்பர் அசோக் ஷஹாணேயின் சிறிய பதிப்பகமான பிராஸ் பிரகாஷன், காலா கோடா கவிதைகளை 2004 ஜூலையில் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 25-ல் கொலட்கர் காலமானார். 'பிஜ்கி வஹி'க்கு சாகித்திய அகாதமி விருது அடுத்த ஆண்டு வந்தது.

வேய்ஸைடு இன் அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. வியாழக்கிழமை ஜமா கோட்டைப் பகுதியின் மிலிட்டரி கபேவுக்கு இடம் மாறியது. காலா கோடா இப்போது கலை வட்டாரம். 1999 முதல் நடக்கும் ஆண்டு விழாவுக்குக் கூட்டம் அலைமோதுகிறது, காபிக்கடைகளில் உட்கார இடம் கிடைப்பதில்லை. ஓவியத்துக்கும் இசைக்கும் மேடை போடும் இந்த விழா, இட்லிப் பெட்டியைச் சுற்றி நின்றவர்களைத் தேடினால் நல்லது. அவர்களில் பலருடைய ஒரே விலாசம் இன்று கொலட்கரின் புத்தகம்தான்.

போகிறவர்கள் சர்ச்கேட்டில் இறங்கி நடந்தே போகலாம், கால் மணி நேரம். ஏழு மணிக்கு முன்னால் போவது நல்லது. அப்புறம் கார்கள் வந்துவிடும். நாய்கள் எழுந்து போய்விடும்.