வாளியும் வால்வும்

வாளியில் குளிப்பவருக்கு வால்வைப் பற்றிய கவலை இல்லை. வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் வாளிக்குள்ளேயே கலந்துவிடுகின்றன. கையை விட்டுப் பார்த்து, சூடு பொறுக்கும் என்று தெரிந்த பிறகே முதல் குவளை நீர் உடம்பில் விழுகிறது. விளாவுதல், சோதித்தல், ஊற்றுதல் என்று மூன்று செயல்கள்; அவற்றுக்கிடையே சற்று அவகாசம். ஷவர் அந்த அவகாசத்தை நீக்கிவிடுகிறது. விளாவுவதும் ஊற்றுவதும் ஒரே கணத்தில் நிகழ, சோதனை உடம்பின் மீதே நடக்கிறது. குளியலறையைப் புதுப்பிப்போர் டைல்ஸின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவிடுவார்கள். சுவருக்குள் புதையப்போகும் வால்வைக் கடைக்காரரின் பொறுப்பில் விட்டுவிடுவார்கள். கை இதுவரை செய்துவந்த வேலையை இனிச் செய்யப்போவது அந்த வால்வுதான்.

வெந்நீர் எவ்வளவு நேரத்தில் தோலைச் சுடும் என்பதற்கு நம்பத்தகுந்த அளவுகள் 1947ஆம் ஆண்டில் கிடைத்தன. ஹார்வர்டைச் சேர்ந்த மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் பன்றிகளின் தோலிலும், இசைந்து முன்வந்த மனிதர்களின் தோலிலும் நடத்திய ஆய்வுகள் அவை. 49 டிகிரி செல்சியஸ் நீர் தோலைக் கடுமையாகப் புண்ணாக்க ஏறத்தாழ 10 நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது. 60 டிகிரி நீருக்கு ஏறத்தாழ 5 விநாடிகளே போதும். வெப்பத்தில் 11 டிகிரி வேறுபாடு, நேரத்தில் நூறு மடங்குக்கும் மேல். குழந்தைகளின் தோலும் முதியோரின் தோலும் மெல்லியவை என்பதால் அவர்களுக்கு இந்த நேரம் இன்னும் குறுகும். நம் வீடுகளில் தொங்கும் சேமிப்புக் கீசர்கள் பலவும் 60 டிகிரியிலோ அதற்கு மேலோதான் வைக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் மோன் வடிவமைத்த ஒற்றைக் கைப்பிடிக் குழாய் விற்பனைக்கு வந்ததும் அதே 1947இல்தான். மாணவப் பருவத்தில், இரட்டைக் கைப்பிடிக் குழாயில் கை கழுவும்போது சூடுபட்டதே தம்மை அந்த யோசனைக்குத் தள்ளியது என்று அவர் சொல்லிவந்தார்.

ஆனால் ஒற்றைக் கைப்பிடி என்பது வசதியே தவிர, பாதுகாப்பு ஆகாது. இரண்டு திருகுகள் கொண்ட வால் மிக்ஸரும், இன்று பரவலாக விற்கும் சிங்கிள் லீவர் வகையும் ஓர் அடிப்படையில் ஒன்றே: இரண்டு துளைகளை எவ்வளவு திறப்பது என்பதை மட்டும் அவை தீர்மானிக்கின்றன. அத்துளைகளின் வழியே வரும் நீரைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது. குளித்துக்கொண்டிருக்கும்போது வேறெங்கோ ஒரு குழாய் திறக்கப்பட்டுத் தண்ணீரின் அழுத்தம் குறைந்தால், கலவையில் வெந்நீரின் பங்கு கூடிவிடும்.

அடுத்த வகை அழுத்தச் சமன் வால்வு. உள்ளிருக்கும் சிறு உருளை ஒன்று இருபக்க அழுத்தங்களுக்கும் ஏற்ப நகர்ந்து, ஒரு பக்கம் தளர்ந்தால் மறுபக்கத்தையும் ஒடுக்குகிறது. விகிதம் மாறுவதில்லை. ஆயினும் அது அறிவது அழுத்தத்தை மட்டுமே. கீசரில் சூடு தீர்ந்துகொண்டிருப்பதை அது உணராது. மூன்றாவது வகையான தெர்மோஸ்டாட்டிக் வால்வே வெப்பத்தை உணர்வது. அதன் நடுவே மெழுகு அடைத்த ஒரு கூடு கலந்த நீரில் நனைந்தபடி இருக்கும். சூடு கூடினால் மெழுகு விரிந்து வெந்நீர்த் துளையைக் குறுக்கும்; குறைந்தால் சுருங்கி, துளையை அகலவிடும். தண்ணீர் அறவே நின்றுபோனால் வெந்நீரையும் அடைத்துவிடும். பெரும்பாலானவற்றில் 38 டிகிரியில் ஒரு தடை இருக்கும். சிறு பொத்தானை அழுத்தினாலன்றித் திருகு அதற்கு மேல் செல்லாது.

நம் வீடுகளில் வெந்நீரும் தண்ணீரும் மொட்டைமாடியிலுள்ள ஒரே தொட்டியிலிருந்து இறங்குவதால் அழுத்த வேறுபாடு அவ்வளவு பெரிய சிக்கலன்று. சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. டெல்லியின் ஜனவரிக் குளிரில் குழாய் நீர் 15 டிகிரி, கீசர் 60 டிகிரி என்று கொண்டால், 15 லிட்டர் கீசரிலிருந்து 40 டிகிரிக் கலவை சுமார் 27 லிட்டர் கிடைக்கும். வாளிக் குளியலுக்கு அது தாராளம். நிமிடத்துக்கு 9 லிட்டர் பொழியும் ஷவருக்கு மூன்றே நிமிடம். மூன்று கிலோவாட் உடனடிக் கீசரின் நிலை இன்னும் மோசம்: நீரை 25 டிகிரி உயர்த்த வேண்டுமானால், அதனால் நிமிடத்துக்கு 1.7 லிட்டர்தான் தர இயலும். தலைக்கு மேலே தட்டு அகலத்தில் மழை ஷவர் பொருத்திவிட்டுச் சாரல்கூட விழவில்லை என்று பிளம்பரைக் கடிந்துகொள்வோர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள்.

அழுத்தமும் அப்படியே. பத்து மீட்டர் உயர நீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். நான்கு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில், தொட்டியின் அடிப்பகுதிக்கும் ஷவருக்கும் இடையிலான உயரம் இரண்டு மீட்டர் இருந்தால் பெரிது, அது 0.2 பார். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு பாருக்கு மேல் கிடைக்கும். தெர்மோஸ்டாட்டிக் வால்வுகள் பல, அரை பாரோ அதற்கு மேலோ கேட்கின்றன. கீழ் வீட்டில் நன்றாக ஓடுகிறது என்று அதே மாதிரியை வாங்கிய மேல் வீட்டுக்காரர் ஏமாறுவது இதனால்தான். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் குறைந்தபட்ச அழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். வாங்கும் முன்பே அதைப் படிப்பவர் அரிது.

மயூர் விஹாரில் அத்தகைய மேல்தளத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இந்தத் தேர்வு ஒரு மாதம் இழுத்தது. மகன் விரிவுரையாளர், மருமகள் மருந்தியல் ஆய்வாளர், நீரிழிவுடைய தாயாருக்கு எழுபதைக் கடந்த வயது. வலத்தோள் இறுகிப்போய்க் குவளையைத் தலைக்கு மேல் தூக்க முடியாத நிலை. அப்படியிருந்தும், "எனக்கு எதுக்குடா இதெல்லாம்? ஒரு வாளி வெந்நீர் போதும்" என்றே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மகனுக்குச் சுவருக்குள் மறையும் பளபளப்பான வால்வின் மீது ஆசை. மருமகளின் அச்சம் வேறு. நீரிழிவில் நரம்புகள் பெரும்பாலும் பாதத்திலிருந்துதான் உணர்விழக்கத் தொடங்கும். "உங்க கைக்குத் தெரியும் அத்தை, காலுக்குத் தெரியாது" என்று அவர் சொன்ன பிறகுதான் பேச்சு ஷவரின் வடிவத்திலிருந்து வால்வுக்குத் திரும்பியது. சூடான நீர் காலில் வழிந்துகொண்டிருந்தாலும் அந்தக் கால் விலகாது.

அவர்கள் முடிவில் வாங்கியது சுவருக்கு வெளியே பொருத்தும் தெர்மோஸ்டாட்டிக் வால்வு. அதனுடன் கையில் பிடிக்கும் ஷவரும் உட்கார ஒரு முக்காலியும். கீழே வாளி நிறைக்க ஒரு குழாயையும் விட்டுவைத்தார்கள். அது தாயாரின் நிபந்தனை. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், கீசருக்குப் பிரியும் இடத்துக்கு முன்பே சிறிய பம்ப் ஒன்றைப் பொருத்தினார்கள். அந்த இடம் முக்கியம். பிரிந்த பிறகு தண்ணீர்ப் பக்கத்தில் மட்டும் பம்ப் வைத்தால், இல்லாதிருந்த அழுத்த வேறுபாட்டை நாமே உண்டாக்கியவர்களாவோம். கீசரை 55 டிகிரியில் நிறுத்தினார்கள். அதற்கும் கீழே இறக்கினால் இவ்வகை வால்வு தடுமாறும். கலவையைவிட வெந்நீர் சுமார் 10 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் அதனால் ஒழுங்காக வேலை செய்ய முடியும்.

சுவருக்குள் மறையும் வகை அழகுதான். அரைச்செங்கல் சுவரில் அதற்கு இடம் வெட்டுவது சுவருக்கு நல்லதன்று. மேலும் அது இரண்டு பாகமாக விற்கப்படுகிறது: உள்ளே புதையும் உடல், வெளியே தெரியும் தட்டும் கைப்பிடியும். ஒரு நிறுவனத்தின் உடலுக்கு மற்றொன்றின் தட்டு பொதுவாகப் பொருந்தாது. டைல்ஸ் ஒட்டிய பிறகு மேற்பூச்சு எங்கே வந்து நிற்கும் என்பதை முன்பே கணக்கிட்டு உடலைப் பதிக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன்பே நீரேற்றி, அழுத்தம் கொடுத்து, கசிவு பார்த்துவிட வேண்டும். கடைகளில் இவையெல்லாவற்றுக்கும் 'டைவர்ட்டர்' என்ற ஒரே பெயர் வழங்குவது குழப்பத்தைக் கூட்டுகிறது. டைவர்ட்டரின் வேலை நீரை மேலே ஷவருக்கு அனுப்புவதா, கீழே குழாய்க்கு அனுப்புவதா என்பது மட்டுமே. விலை உயர்ந்த டைவர்ட்டரும் ஒருவரைச் சுட்டுவிடலாம்.

ஆழ்துளைக் கிணற்று நீர் ஓடும் குடியிருப்புகளில் உப்புப் படிவு மற்றொரு தொல்லை. மாதக்கணக்கில் 38இலேயே நிற்கும் திருகு அங்கேயே இறுகிவிடும். அவ்வப்போது இருமுனைக்கும் திருப்பிவிடுவது நல்லது. உள்ளேயிருக்கும் ஒருவழி வால்வுகள் பழுதானால் வெந்நீர் தண்ணீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும். குளிர்காலத்தில் வாஷ்பேசினின் தண்ணீர்க் குழாய் திறந்தவுடன் வெதுவெதுப்பாக வந்தால் அதை ஐயுறலாம்.

இந்த ஏற்பாடு முழுவதும் தலைகீழாகும் ஒரு பருவமும் டெல்லியில் உண்டு. ஜூன் மாத நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியின் நீர் 40 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அணைத்து வைத்த கீசருக்குள் முந்தைய இரவிலிருந்து நிழலில் நிற்கும் நீரே அப்போது வீட்டின் குளிர்ந்த நீர். டெல்லிவாசிகள் அதைப் பிடித்துத்தான் குளிக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டிக் வால்வுக்கு இந்த மாற்றம் தெரியாது. 38இல் வைத்தால், நீர் சுடுகிறதே என்று மெழுகு விரிந்து, வெந்நீர் என்று தான் நம்பும் துளையை மூடும். உண்மையில் அது அடைப்பது குளிர்ந்த நீரை. ஆகவே அம்மாதத்தில் பொத்தானை அழுத்தி, திருகைச் சிவப்புக் குறியின் கடைசி வரை திருப்ப வேண்டியிருக்கிறது. அப்போது இதமான நீர் வரும், முதல் 15 லிட்டர் தீரும் வரை.