ஆறு என்று எழுதிய துண்டுக் காகிதம்

1893ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் தேதி பிற்பகல். பிரிட்டிஷ் மத்தியதரைக் கடற்படையின் தலைமைக் கப்பலான விக்டோரியாவில், கில்ஃபோர்ட் பிரபு என்ற இளம் அதிகாரியின் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அதில் 6 என்ற எண். கடற்படை வரலாறுகளில் பீரங்கியைப் பற்றியும் இரும்புக் கவசத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் காகிதத்தைத் தாண்டிப் போக மனம் வருவதில்லை.

படை அன்று காலை பெய்ரூட்டிலிருந்து கிளம்பி லெபனான் கரையோரமாக வடக்கே டிரிப்போலிக்குப் போய்க்கொண்டிருந்தது. கப்பல்கள் இரண்டு வரிசையாகச் சென்றன. ஒரு வரிசைக்கு விக்டோரியா முன்னால். அதில் படைத்தலைவர் வைஸ் அட்மிரல் சர் ஜார்ஜ் டிரையன். மற்றதற்குக் கேம்பர்டவுன் முன்னால். அதில் துணைத் தலைவர் ரியர் அட்மிரல் ஆல்பர்ட் ஹேஸ்டிங்ஸ் மார்க்கம். இரு வரிசைகளும் உட்புறமாகத் திரும்பி வந்த திசைக்கே போக வேண்டும் என்பது டிரையனின் திட்டம். இரட்டைக் கதவு மூடுவதுபோல ஒன்றையொன்று நோக்கித் திரும்புகிற கப்பல்கள் அவை. அந்தக் காகிதத்து ஆறு, இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி: ஆறு கேபிள். ஒரு கேபிள் 200 கஜம். ஆக 1200 கஜம். ஆனால் அந்தக் கப்பல்களில் ஒவ்வொன்றும் அரைவட்டம் அடித்துத் திரும்பவே ஏறக்குறைய 800 கஜம் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்தால் 1600. பள்ளிக்கூடப் பையன் போடும் கூட்டல்.

அந்தக் கூட்டலை எல்லாரும் போட்டுப் பார்த்திருந்தார்கள். வழிகாட்டும் அதிகாரி ஹாக்கின்ஸ்-ஸ்மித், குறைந்தது எட்டாவது வேண்டும் என்று நேரில் சொன்னார். டிரையனும் சரி, எட்டே இருக்கட்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் உத்தரவுக் கொடியில் ஏறியது ஆறு. கப்பலின் கேப்டன் மாரிஸ் போர்க்கும் கணக்கை நினைவுபடுத்தினார். கில்ஃபோர்ட் திரும்பப் போய்க் கேட்டார். ஆறாகவே இருக்கட்டும் என்று பதில் வந்தது. அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. டிரையன் ஆஜானுபாகுவான மனிதர். படை நடத்துவதில் அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது பொதுவான எண்ணம். அப்படிப்பட்டவர் தெரியாமலா சொல்வார் என்று எல்லாருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

எதிர்வரிசையிலிருந்த மார்க்கமும் உடனே புரிந்துகொண்டார், இது நடக்காத காரியம் என்று. உத்தரவு விளங்கவில்லை என்று காட்டும் விதமாகப் பதில் கொடியைப் பாதிக் கம்பத்திலேயே நிறுத்தி வைத்தார். சந்தேகத்தை வெளிப்படையாகக் கேட்டு ஒரு செய்தி அனுப்பவும் ஏற்பாடு செய்தார். அது போவதற்குள் டிரையனிடமிருந்து வந்தது, எதற்காகக் காத்திருக்கிறீர் என்ற கேள்வி. மொத்தப் படையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. தலைவர் தம்மைச் சுற்றி வெளிவட்டமாகப் போகப்போகிறார் போலும் என்று மார்க்கம் தமக்குத் தாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு கொடியை முழுக்க ஏற்றினார்.

இந்த மார்க்கம் யார் என்று தேடிப் போனபோதுதான் நான் உண்மையில் திகைத்தேன். 1875இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் வட துருவத்தை நாடிப் போன பயணத்தில் இவர் இருந்தார். மறு ஆண்டு வசந்தத்தில், மேடும் பிளவுமான உறைகடலில், சறுக்குவண்டிகளோடு படகுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஆட்களோடு வடக்கே நடந்தார். ஸ்கர்வி நோயைத் தடுக்கப் போதிய எலுமிச்சைச் சாறு வண்டிகளில் கொண்டுபோகவில்லை. அந்த நோய் வந்து ஈறு வீங்கி, கால்கள் கறுத்து, இழுத்தவர்களே ஒவ்வொருவராக வண்டியில் படுத்தார்கள். அப்படியும் 1876 மே 12ஆம் தேதி 83 பாகை 20 கலை வடக்கே போய் நின்றார். மனிதர் அதுவரை எட்டாத வடக்கு அது. திரும்பும் வழியில் ஒருவர் இறந்தார். அவரைப் பனிக்குள்ளேயே புதைத்தார்கள். அதற்கும் முன்பு, 1869இல், பிளான்ச் கப்பலில் லெஃப்டினன்டாக இருந்தபோது, தென்சிலுவையின் நான்கு சிவப்பு விண்மீன்கள் வைத்து ஒரு கொடியை வரைந்தார். இன்றைக்கு நியூசிலாந்தின் தேசியக் கொடி அதுதான்.

இவரைக் கோழை என்று எவர் சொல்ல முடியும்? ஸ்கர்வியோடு பனியில் நின்றவருக்கு, நடுக்கடலில் ஒரு பெரியவரின் முகம் சுளிப்பதைத் தாங்கும் தெம்பு இல்லாமல் போயிற்று. ஒரே நெஞ்சில் இந்த இரண்டும் எப்படி இருக்க முடிந்தது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

    

விக்டோரியாவுக்கு வருவோம். கப்பல்கள் திரும்பத் தொடங்கியதுமே மோதல் நிச்சயம் என்று தெரிந்துவிட்டது. பின்னோக்கி இயக்கலாமா என்று போர்க் மறுபடி மறுபடி அனுமதி கேட்டார். பதில் வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. கேம்பர்டவுனின் இடிமுனை விக்டோரியாவின் முன்பகுதியைப் பிளந்தது. கரையேற்றிவிடலாம் என்று நம்பிய டிரையன், மற்றக் கப்பல்கள் அனுப்பிய படகுகளையும் வேண்டாம் என்றார். மாலுமிகளும் மரைன் வீரர்களும் மேல்தளத்தில் வரிசை கலையாமல் நின்றார்கள். கால்மணி நேரத்துக்குள் கப்பல் கவிழ்ந்தது. இயந்திர அறையில் இருந்தவர்களில் ஒருவர்கூட மேலே வரவில்லை. 358 பேர் இறந்தார்கள், டிரையன் உட்பட. எல்லாம் என் தவறுதான் என்று அவர் கடைசியில் சொன்னதாகத் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள்.

கொடிக்காகக் காத்திருக்கும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டவர் இதே டிரையன்தான். இதை நினைக்கும்போது மனம் ஆறுவதில்லை. போரில் புகை மூடும், கொடிக்கயிறு அறுந்துபோகும், அப்போது ஒவ்வொரு கேப்டனும் தானே யோசித்து நடக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கென்றே ஒரு முறையை வகுத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த முறையும் அவரோடு முழுகியது.

மால்டாவில் ராணுவ நீதிமன்றம் கூடியது. போர்க்கை விடுவித்தது, குற்றம் டிரையனுடையது என்றது. மார்க்கம் தம் சந்தேகத்தை முதலில் நினைத்தபடியே கேட்காமல் விட்டதற்கு வருத்தம் தெரிவித்தது. தெரிவித்த கையோடு, படைத்தலைவர் நேரில் இருக்கும்போது அவர் உத்தரவை நிறைவேற்றியவரைக் குற்றம் சொல்வது கடற்படைக்கே கேடு என்றும் எழுதிவைத்தது.

விக்டோரியாவில் மால்டா காய்ச்சலோடு படுத்திருந்து, எழுந்து வந்து நீந்திப் பிழைத்த கமாண்டர் ஒருவர் உண்டு: ஜான் ஜெல்லிக்கோ. 1916இல் ஜட்லாந்துப் போரில் பிரிட்டிஷ் பெரும்படை அவர் கையில் இருந்தது. மே 31 இரவு, ஜெர்மன் கப்பல்கள் அவருடைய படையின் வால்பகுதியைக் கடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தன. மலாயா என்ற போர்க்கப்பல் அவற்றைக் கண்டது. மலாய் மாநிலங்கள் பணம் கொடுத்துக் கட்டிய கப்பல் அது.  மலாயா ஜெல்லிக்கோவுக்குச் செய்தி அனுப்பவில்லை. முன்னால் போகும் கப்பல் பார்த்திருக்கும், தலைவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். விடிந்தபோது ஜெர்மானியர் தப்பிப் போயிருந்தார்கள்.

மார்க்கத்தைத் தண்டித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மால்டாவில் கூடியவர்கள், கேட்டிருக்க வேண்டும் என்று எழுதியதோடு நிறுத்தியிருக்க வேண்டும். உத்தரவை நிறைவேற்றியவரைக் குற்றம் சொல்வது கேடு என்ற அடுத்த வாக்கியத்தை அவர்கள் எழுதியது தவறு.