“ஆடி போகட்டும்ங்க்கா!” - தொண்டாமுத்தூரில் காலியாகாத ஒரு வீடு

தொண்டாமுத்தூரில் அந்த வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால் மேற்கே மலை தெரியும். சுற்றிலும் தென்னையும் பாக்கும் வாழையும். கீழே இரண்டு போர்ஷன். ஒன்றில் வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். வயது 58. கணவர் இறந்த பிறகு, பக்கத்து போர்ஷனில் இருந்து வரும் 6,500 ரூபாய் வாடகைதான் மாதாமாதம் கைக்கு வரும் நிச்சயமான பணம்.

அந்த போர்ஷனில் நான்கு வருடங்களாக ஒரு குடும்பம். கணவன், மனைவி, ஆறு வயதுப் பையன். பையனை வடவள்ளிப் பக்கம் பள்ளியில் சேர்த்ததால் அங்கேயே வீடு பார்த்துவிட்டார்கள். “ஜூன் 30-ம் தேதி காலி பண்ணிடறமுங்க்கா” என்று அவர்களேதான் சொன்னார்கள். வீட்டுக்காரம்மாவும் சரி என்று சொல்லி, ஒரு நர்ஸ் பெண்ணுக்கு வீட்டைப் பேசி முடித்தார். ஜூலை 1 முதல் அந்தப் பெண் வருவதாக ஏற்பாடு.

ஜூலை 1 வந்தது. வீடு காலியாகவில்லை.

முதலில், “ரெண்டு நாள் பொறுங்க்கா” என்றார்கள். அடுத்து அஷ்டமி, நவமி. பிறகு, வேன் கிடைக்கவில்லை. நர்ஸ் பெண்ணிடம் இருந்து தினமும் போன். “ஏனுங் தம்பி, இன்னிக்காவது ஒரு தேதி சொல்லுங்க” என்று வீட்டுக்காரம்மா வாசலில் நிறுத்திக் கேட்டபோதுதான் அந்தப் பதில் வந்தது.

“இனி ஆடி பொறக்கப் போகுதுங்க்கா. ஆடியில குடி போகக் கூடாதும்பாங்க. ஆடி போகட்டும், ஆவணி ஒண்ணாந்தேதி கிளம்பிடறோம்.”

ஆடி பிறப்பது ஜூலை நடுவில். ஆவணி பிறப்பது ஆகஸ்ட் நடுவில். இரண்டு நாளில் தொடங்கிய தாமதம் ஒன்றரை மாதமாகிவிட்டது.

விஷயம் கேள்விப்பட்டு வந்த அண்ணன் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார். “மேல போயி டேங்க் வால்வை மூடு. ரெண்டு நாளு தண்ணி வரலைன்னா தானா கிளம்புவாங்க.”

மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா மாடி ஏறினார். பக்கத்து போர்ஷனுக்குப் போகும் குழாயின் வால்வில் கை வைத்தார். கீழே அந்தப் பெண் துணி துவைத்துக் கொண்டிருந்தாள். பையன் அண்ணாந்து பார்த்துக் கத்தினான்.

“அம்மிச்சி, மேல என்ன பண்றீங்க? யானையைப் பாக்கறீங்களா?”

மலையடிவாரத் தோட்டங்களுக்கு ராத்திரியில் யானை வந்து போவது அந்தப் பக்கத்தில் சகஜம். காலையில் மாடியில் நின்று பார்ப்பது பையனுக்கு வழக்கம். “ஆமாங் கண்ணு, ஒண்ணையும் காணோம்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரம்மா இறங்கி வந்துவிட்டார்.

நல்லவேளை மூடவில்லை என்று பிறகு சொன்னது அண்ணன் மகள். கோவையில் சட்டம் படிக்கிறாள். “அத்தை, தண்ணி, கரன்ட்டை நிறுத்தினா சட்டப்படி தப்பு. அதுவரைக்கும் அவங்க பக்கம் இருந்த தப்பு நம்ம பக்கம் வந்துடும்” என்றாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அவள் சொன்னது, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டுச் சட்டம். 1960-ல் வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர்தான் இந்த அதிகாரி. பதிவை இணையத்திலேயே செய்யலாம்.

ஒப்பந்தப்படியோ நோட்டீஸ்படியோ வாடகைக் காலம் முடிந்த பிறகும் காலி செய்யாதவரிடம் மாத வாடகையைப்போல் இரண்டு மடங்கு இழப்பீடு கேட்கலாம். ஆனால் சாமானை வெளியே எடுத்து வைப்பது, பூட்டை மாற்றுவது எல்லாம் கூடாது. பிடிவாதமாக இருப்பவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

“நம்ம ஒப்பந்தம் எங்க அத்தை?”

பீரோவில் இருந்து வந்தது நான்கு வருடத்துக்கு முந்தைய முத்திரைத்தாள். 11 மாதத்துக்கு எழுதியது. ஒரு வருடத்துக்கு மேல் போகும் குத்தகையைப் பத்திரப்பதிவு செய்ய வேண்டும் என்பதால் ஊரெல்லாம் எழுதுகிற அதே 11 மாதம். அதன் பிறகு யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை. வாடகை அதிகாரியிடமும் பதியவில்லை. காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், தாமதமானால் என்ன என்று ஒரு வரிகூட அதில் இல்லை. இருந்தது ஒன்றுதான்: அட்வான்ஸ் 40,000 ரூபாய்.

“இந்தப் பணத்தைத் தர்றேன்னு சொல்லிட்டீங்களா?”

வீட்டுக்காரம்மா பேசவில்லை. ஜூன் முதல் வாரமே அந்தத் தம்பி கேட்டிருக்கிறார். “சாவியைக் கொடுக்கற அன்னிக்குத் தந்துடறேன்” என்று இவர் சொல்லியிருக்கிறார். உண்மையில் பணம் கையில் இல்லை. போன வருடம் போர்வெல் மோட்டார் போனபோது அதில் போட்டாயிற்று. புதிதாக வருபவரிடம் வாங்கி, போகிறவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. இந்த ஒன்றை மட்டும் அவர் அண்ணனிடமும் சொல்லவில்லை.

அந்தப் பக்கமும் அதே முடிச்சுதான். வடவள்ளி வீட்டுக்காரர் அட்வான்ஸ் தந்தால்தான் சாவி என்கிறார். இங்கே பணம் வந்தால்தான் அங்கே கொடுக்க முடியும். இரண்டாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டு அந்தத் தம்பி அஷ்டமி, நவமி, ஆடி என்று சொல்லிக் கொண்டிருந்தார். கேட்டுவிடுவாரோ என்று பயந்து இவர் தேதியை மட்டும் கேட்டுக் கொண்டிருந்தார்.

வீடு காலியான ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தந்தால் போதும் என்கிறது சட்டம். ஆகவே சட்டப்படி வீட்டுக்காரம்மா மேல் குற்றமில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து வரும் பணம் அடுத்த வீட்டுச் சாவியை இன்றைக்கு வாங்கித் தராதே! ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் இவர் வாங்கியிருக்க வேண்டியது 19,500 ரூபாய். இத்தனை பெரிய பள்ளமும் விழுந்திருக்காது.

அன்று மாலையே ஒரு வளையலைக் கூட்டுறவு சங்கத்தில் அடகு வைத்து 20,000 ரூபாயோடு பக்கத்து போர்ஷன் வாசலுக்குப் போனார் வீட்டுக்காரம்மா.

“மோட்டாருக்குச் செலவாகிப் போச்சுங் தம்பி. உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. இதைக் கொடுத்து அங்க சாவியை வாங்குங்க. மீதி, நீங்க சாவி தர்ற அன்னிக்கு.”

அந்தத் தம்பி பணத்தை உடனே வாங்கவில்லை. “நாங்களும் வெளிப்படையாச் சொல்லியிருக்கணுமுங்க்கா” என்றார். அண்ணன் மகள் ஒரு தாளில் தேதியையும் தொகையையும் எழுத, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆடிக்கும் வழி சொன்னது வீட்டுக்காரம்மாதான். ஆனி முடிவதற்குள் நல்ல நாள் பார்த்து அங்கே பால் காய்ச்சி, உப்பு, மஞ்சள், அரிசியைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் குடி போன கணக்காகிவிடும். சாமான் எப்போது போனாலும் குற்றமில்லை. ஊரில் பல பேர் செய்வதுதான்.

அப்படியே செய்தார்கள். ஜூலை 15-ம் தேதி சாவி கைக்கு வந்தது. மீதி 20,000 ரூபாயில் அரை மாத வாடகை 3,250, கரன்ட் பில் 850 போக 15,900 ரூபாய். இரண்டு மடங்கு வாடகை என்ற பேச்சே எழவில்லை. நர்ஸ் பெண், “எங்களுக்கு ஆடியெல்லாம் இல்லீங்கம்மா” என்று அன்று மாலையே பெட்டியோடு வந்துவிட்டார். வாடகை 7,000 ரூபாய். அட்வான்ஸ் மூன்று மாதம், 21,000. அதில் இருந்துதான் 15,900 ரூபாய் போனது.

இந்த முறை ஒப்பந்தம் பதிவாகிவிட்டது. ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், காலி செய்யும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே பாதி அட்வான்ஸ் தர வேண்டும், அதன் பிறகும் தாமதமானால் நாள் கணக்கில் வாடகை. மூன்றும் எழுத்தில் இருக்கின்றன.

வளையலை இன்னும் மீட்கவில்லை. மீட்ட பிறகு மாதம் ஆயிரமாவது சேர்த்து 21,000 ரூபாயைத் தபால் ஆபீஸில் போட்டுவைக்க வேண்டும் என்று இருக்கிறார். “அது நம்ம பணம் இல்லீங்க. நம்மகிட்ட இருக்கற அவங்க பணம்” என்கிறார் வீட்டுக்காரம்மா.